கொட்டியாரத்தில் கிடைத்த புலமைப்பரிசில்

திருகோணமலை வழியாக இலங்கைக்கு வந்து தங்கிப் படித்த வெள்ளைக்காரர்களில் பெயர் பெற்றவனுக்கு 1660 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. அவன் விண்ணப்பமே போடவில்லை. ஆங்கிலப் பரீட்சை எழுதவில்லை. பாங்கில் காசு காட்டவில்லை. தகப்பனைக் கொட்டியாரத்தில் ஒரு புளியமரத்தடியில் வைத்துப் பிடித்தார்கள், மகனையும் சேர்த்துக்கொண்டார்கள். மகனின் பெயர் றொபேட் நொக்ஸ், வயது 19. படிப்புக் காலம் பத்தொன்பதரை வருடம். இடையில் லீவு கிடையாது.

இதைச் சொல்லச் சல்லி ஊர்க்காரனுக்கு என்ன உரிமை என்று மூதூர்க்காரர் கேட்கலாம். கொட்டியாரம் அவர்கள் பக்கம். அந்தப் புளியமரத்தடியில் 1893இல் நட்ட கல்லும் அவர்களுடையது. நாங்கள் திருகோணமலை நகரத்துக்கு வடக்கே, சாம்பல்தீவுப் பக்கம் கடலைப் பார்த்தபடி கிடக்கிறோம். ஆனால் விசா என்று வந்தால் சல்லிக்கும் வாய் உண்டு. எங்கள் முத்துமாரி அம்மனிடம் ஒரு காலத்தில் வலை நிறைய மீன் கேட்டார்கள். இப்போது அதோடு சேர்த்து லண்டன், கனடா, அவுஸ்திரேலியா என்று மூன்று நாட்டு விசாவும் கேட்கிறார்கள். அம்மனுக்கு மீன் விஷயம் தெரியும். குடிவரவு விதிகள் மாதத்துக்கு மாதம் மாறுவதை அவள்தான் எப்படிக் கண்காணிப்பாள்?

விசா அதிகாரி மாணவனிடம் எப்படிச் சுற்றிக் கேட்டாலும் கேட்பது ஒன்றைத்தான்: "உன் எண்ணம் உண்மையானதா? படிக்கத்தான் வருகிறாயா? படித்து முடித்தால் போவாயா?" கேள்வியில் பிழை இல்லை. கேட்கிறவருடைய எண்ணம் என்ன என்பதுதான் வரலாற்றில் யாரும் ஒழுங்காகப் பதிவு செய்யாத விஷயம். அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

கண்டி அரசின் முழுப் புலமைப்பரிசில்

நொக்ஸ் வந்த கப்பலின் பெயர் ஆன். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரம் போயிற்று. புதுப் பாய்மரம் நாட்டவும், அப்படியே கொஞ்சம் துணி விற்கவும் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் இதைவிட நேர்மையான பதிலை யாரும் எழுத முடியாது. ஆனால் கண்டியிலிருந்த இரண்டாம் இராஜசிங்க மன்னர் அதை நம்பவில்லை. மாகாண அதிகாரியான திசாவையை அனுப்பினார். திசாவை, ராசாவின் ஓலை வந்திருக்கிறது என்று இனிக்க இனிக்கச் சொல்லிக் கரைக்கு அழைத்தார். அழைப்பை நம்பி இறங்கியவர்கள் பதினாறு பேர் அகப்பட்டார்கள். அழைப்புக் கடிதத்தை நம்பிப் புறப்பட்டு அவதிப்பட்ட மாணவர் வரிசையில் நொக்ஸ் குடும்பத்துக்கு மூத்த இடம்.

மன்னரின் மாணவர் கொள்கை இன்றைய கொள்கைகளைவிடப் பல விதத்தில் தாராளமானது. தங்குமிடம் இலவசம். ஆளுக்கொரு ஊரில் விடுவார்கள். ஊரார் சோறு போடவேண்டும் என்பது அரச கட்டளை. கட்டணம் ஒரு சதம் இல்லை. குறை ஒன்றுதான்: திரும்பிப் போக முடியாது. இன்றைய தூதரகங்கள் எந்த எண்ணத்தைக் கண்டால் விசாவை நிராகரிக்குமோ, அந்த எண்ணத்தை மன்னரே மாணவனுக்குள் ஊட்டப் பார்த்தார். வந்தவன் தங்கிவிடவேண்டும்.

தகப்பன் நொக்ஸ் 1661இலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். காட்டூரில் மகன் தனித்து நின்றான். பிறகு அவன் செய்ததைப் பார்த்தால், இன்று லண்டனில் இருக்கும் நம்முடைய பெடியன்களின் முழு வாழ்க்கையும் அதில் இருக்கிறது. பகுதிநேர வேலை தேடினான், தொப்பி பின்னி விற்றான். இன்றைய பிரித்தானிய விதிப்படி மாணவன் படிப்புத் தவணையில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். இராஜசிங்கன் மணித்தியாலக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. தொப்பியில் வந்த காசு போதாமல் நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். வட்டி நூற்றுக்கு ஐம்பது. வெள்ளைக்காரன் எங்கள் மண்ணில் கற்ற முதல் பாடம் வட்டி வாங்குவது என்றால், அதற்குப் பிறகு நடந்த முந்நூற்றுச் சொச்ச வருடக் கதை ஓரளவு விளங்கும்.

நூலக வசதியும் இருந்தது. ஒருநாள் ஊர்க் கிழவர் ஒருவர் கையில் ஆங்கில வேதாகமம் ஒன்றைக் கண்டான். கிழவருக்கு வாசிக்கத் தெரியாது, நொக்ஸுக்கு அது உயிர். விலை பேசினார்கள். கடைசியில் பின்னிய தொப்பி ஒன்றுக்கு வேதாகமம் கைமாறியது. இன்று பல்கலைக்கழகப் பாடநூல் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் கண்டிப் பேரம் பரவாயில்லை.

இன்னொரு விஷயம் உள்துறை அமைச்சுகளுக்குப் பிடிக்கும். நொக்ஸ் எலதத்த என்ற ஊரில் வீடு கட்டி, சில ஆங்கிலத் தோழர்களோடு இருந்தான். அந்த வீட்டில் அவர்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்: கலியாணம் கட்டாதவர்கள் மட்டும் இருக்கலாம், பெண்ணுக்கு இடமில்லை. சிங்களப் பெண்களைக் கட்டிய மற்ற ஆங்கிலேயர் ஊரோடு ஊராகிவிடுவதைப் பார்த்துப் பயந்த சட்டம் அது. மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்று பிரித்தானிய அரசாங்கம் பெரும்பாலான முதுகலை மாணவர்களுக்கு விதி கொண்டுவந்தது 2024 ஜனவரியில். எலதத்த வீடு அதை மூன்று நூற்றாண்டுக்கு முன்னமே நடைமுறைப்படுத்திவிட்டது.

படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதியும் கிடைத்தது. 1664இல், டச்சுத் தூதரும் சென்னையிலிருந்த ஆங்கிலேயரும் இவர்களை விடச் சொல்லிக் கேட்டபோது, மன்னர் எல்லாரையும் நிலம்பை அரண்மனைக்கு அழைத்தார். போக விரும்பினால் போகலாம் என்றார். அடுத்த மூச்சில், நின்று சேவகம் செய்தால் ஊர், காசு, பதவி எல்லாம் தருகிறேன் என்றார். எல்லாரும் போகிறோம் என்றார்கள். அந்த நேரம் பார்த்து நாட்டில் கலகம் வெடித்தது. அது அடங்கியபோது மன்னரின் எண்ணம் மாறிவிட்டது. போக விடுவதைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. கோப்பு நடவடிக்கையில் உள்ளது, பதில் வரும்வரை காத்திருக்கவும்.

1672இல் பிரெஞ்சுக் கடற்படை கொட்டியாரத்துக்கு வந்து, லனறோல் என்பவரைக் கண்டிக்குத் தூது அனுப்பியது. மன்னர் தூதுவரையும் சேர்த்துக்கொண்டார். அவர் திரும்பவேயில்லை. அந்தப் பெயருள்ள குடும்பங்கள் இன்றும் இலங்கையில் உண்டு. தூதுவருக்கே நிரந்தர வதிவிடம் கொடுத்த அரசு உலகத்தில் எத்தனை?

நொக்ஸ் 1679 ஒக்டோபரில் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழனோடு, சில்லறை வியாபாரி மாதிரிப் பொட்டலம் தூக்கி, அநுராதபுரக் காடு கடந்து, ஆற்றோரமாக நடந்து, மன்னாரில் டச்சுக்காரரின் அரிப்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். 1681இல் ஆய்வேடு வெளிவந்தது: இலங்கைத் தீவைப் பற்றிய ஒரு முழுப் புத்தகம். மேற்பார்வைக்கு அரச கழகத்தின் றொபேட் ஹூக் என்ற பெரிய விஞ்ஞானியே வந்தார், முன்னுரையும் எழுதினார். நொக்ஸ் காட்டுவழியில் கெட்ட தண்ணீருக்கு மருந்தாகத் தின்ற கஞ்சாவைப் பற்றியும் ஹூக்குக்குச் சொல்லியிருக்கிறான். 1689இல் ஹூக் அதைப் பற்றி அரச கழகத்தில் விரிவுரையே நடத்தினார். வெளிநாட்டில் படிக்கப் போன பிள்ளை என்ன கற்று வந்தது என்று இன்று கேட்கிற பெற்றோருக்கு, அன்று லண்டனில் கிடைத்த பதில் இது.

விசா கேட்கப்படாதோர் பட்டியல்

திருகோணமலைக்கு எண்ணம் கேட்காமல் உள்ளே விட்ட ஆட்களின் பட்டியல் நீளம். 1620இல் டென்மார்க்காரர் வந்தனர். 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதே கல்லில் கோட்டை கட்டினர். 1639இல் டச்சுக்காரர், பிறகு பிரெஞ்சுக்காரர். 1782 ஒரே வருடத்தில் ஜனவரியில் ஆங்கிலேயர் பிடிக்க, ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்தனர். 1795இல் மறுபடி ஆங்கிலேயர். அவர்களின் கடற்படை 1957 ஒக்டோபர் வரை இருந்தது. ஒரு மாலுமியிடமாவது பாங்க் மிச்சம் எவ்வளவு, திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இவ்வளவு பேரிலும் தங்கும் எண்ணமே இல்லாமல் வந்தவர்கள் ஜப்பான்காரர்தான். 1942 ஏப்ரல் 9 காலை வானத்தால் வந்தார்கள், குண்டு போட்டார்கள், அன்றைக்கே திரும்பிவிட்டார்கள். அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம் பல வருடமாக மாணவர்களிடம் எதிர்பார்த்த 'உண்மையான தற்காலிக வருகையாளர்' என்ற தகுதிக்கு, எங்கள் துறைமுகத்தின் முழு வரலாற்றிலும் பொருந்துகிறவர்கள் இவர்கள் மட்டுமே.

படிப்புக்காகப் போனவர்களின் கதை வேறு. நாலாம் நூற்றாண்டில் இலங்கைப் பிக்குகள் புத்தகயாவுக்குப் போய், அங்கே தங்க இடமில்லாமல் அலைந்து, திரும்பி வந்து அரசன் மேகவண்ணனிடம் முறையிட்டார்கள். அரசன் சமுத்திரகுப்தனுக்குப் பரிசுகள் அனுப்பி, அங்கே ஒரு மடம் கட்ட அனுமதி வாங்கினான். மாணவர் விடுதிக்காக இரண்டு அரசுகள் ஒப்பந்தம் போட்ட பழைய கதை இதுதான் போலும். அனுமதி ஒரே தடவையில் கிடைத்தது, பிறகு யாரும் ரத்துச் செய்யவில்லை. ஏழாம் நூற்றாண்டில் நாலந்தாவுக்குப் போன சீன யாத்திரிகர் யுவான் சுவாங், வாசலில் நிற்கும் பண்டிதரே கேள்வி கேட்பார், பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அங்கேயே திரும்பிப் போவார்கள் என்று எழுதினார். கடுமைதான். ஆனால் கேட்டது பாடத்தில் கேள்வி. மாமாவின் காணி உறுதியைக் கேட்கவில்லை.

நிராகரிப்பு, நேர்முகம், மடம் எதுவும் வேண்டாம் என்று சம்பந்தர் வேறு வழி கண்டார். கோணமலையை இராமேசுவரத்திலிருந்தே பாடிவிட்டார் என்பது சைவ மரபு. கடல் கடக்கவில்லை, பதிகம் முழுமையாக இருக்கிறது. தொலைக்கல்விக்கு இதைவிடச் சிறந்த பெறுபேறு இன்னும் வரவில்லை.

அச்சுக்காரருக்கு மறுப்பு

பிறகு வெள்ளைக்காரனுக்கே விசா மறுத்த காலமும் வந்தது. மறுத்தது இன்னொரு வெள்ளைக்காரன் என்பதால் நாங்கள் குற்றவாளிகள் அல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். அப்போதைய ஆளுநர் பிறவுண்றிக் அன்போடு வரவேற்றார். 1820இல் ஜேம்ஸ் கரட் என்ற அச்சுக்காரர் வந்து இறங்கியபோது ஆளுநர் பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் பான்ஸ். கரட்டைத் திரும்பிப் போகச் சொன்னார். ஏற்கெனவே இருக்கும் அமெரிக்கர் இருக்கலாம், புதிதாக ஆள் கூட்டக் கூடாது என்பது கொள்கை. இன்றைய மொழியில் ஒதுக்கீட்டு உச்சவரம்பு. கரட் பம்பாய்க்குப் போய் அங்கே மிஷன் அச்சகத்தைப் பார்த்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் மிஷன் அச்சகம் ஓடத் தொடங்க, தடை 1833இல் நீங்கும்வரை காத்திருக்கவேண்டி வந்தது. நாலு வருடத்தில் வரவேற்பு மறுப்பானது. பதின்மூன்று வருடத்தில் மறுப்பு மீண்டும் வரவேற்பானது. அமெரிக்கர்களின் எண்ணம் இந்தக் காலம் முழுவதும் மாறவேயில்லை: பைபிள் அச்சடிப்பது.

இந்த இழுபறிக்குள்ளும் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் கடல் கடந்துபோய்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானார்கள். அந்நாளில் அந்தக் கடலுக்கு விசா இல்லை. இருந்திருந்தால் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பட்டமளிப்புக்கு ஆள் தேடியிருக்கும்.

இலங்கை தன் வாசலுக்குத் தானே பூட்டுப் போட்டது சுதந்திரத்துக்குப் பிறகு. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் 1949 நவம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதுவரை பாக்குநீரிணையில் போய்வந்தவர்கள் அன்றிலிருந்து வெளிநாட்டவர்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, 1950 ஜனவரியில், பொதுநலவாய வெளிவிவகார அமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். கொழும்புத் திட்டம் பிறந்தது. அதன் கீழ் ஆசிய மாணவர்களுக்கு அவுஸ்திரேலியா புலமைப்பரிசில் வழங்கியது. அந்த நேரத்திலும் வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கை உயிரோடுதான் இருந்தது. 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேண்டாத ஆள் வந்தால் அதிகாரி தனக்கு இஷ்டமான மொழியில் ஐம்பது சொல் வாசிப்பார், வந்தவர் பிழையில்லாமல் எழுதவேண்டும். 1934இல் ஏகோன் கிஷ் என்ற எழுத்தாளர் பல மொழி தெரிந்தவர் என்பதால் அவருக்கு ஸ்கொத்லாந்துக் கேலிக் மொழியில் வாசித்தார்கள். அந்தச் சோதனை 1958வரை சட்டத்தில் இருந்தது. ஆக, ஒரு கையால் சிலோன் மாணவனுக்குப் பயணச்சீட்டு, மறு கையில் சிலோன்காரனைத் தடுக்கும் சட்டம். படி, ஆனால் நிற்காதே.

சொல்வதெழுதல் போய் முப்பத்தொரு வருடம் கழித்து, 1989இல், ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சை வந்தது. அதை நடத்துகிறவர்களில் அவுஸ்திரேலியரும் உண்டு. முன்னேற்றம் இல்லை என்று சொல்லக் கூடாது. இப்போது என்ன மொழியில் வாசிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள், காசும் வாங்குகிறார்கள்.

மாஸ்கோ மறுத்த ஒரு பெடியன்

மாணவர் விசா ஒரு நாட்டின் தலையெழுத்தோடு விளையாடிய கதை ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதைத் தென்னிலங்கைக்காரர் அவ்வளவாக இந்தக் கோணத்தில் சொல்வதில்லை.

1960இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் திறந்தது. அதற்குப் பிறகு லுமும்பாவின் பெயர் வைத்தார்கள். ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு. பாங்க் மிச்சம் கேட்கவில்லை, நல்ல எண்ணம் போதும். அங்கே மருத்துவம் படிக்கப் போனவர்களில் ஒருவர் ரோகண விஜேவீர. சுகயீனம், லீவு என்று 1964இல் ஊருக்கு வந்தார். அதற்குள் மாஸ்கோவும் பீக்கிங்கும் சண்டை பிடித்துக்கொண்டன. விஜேவீர பீக்கிங் பக்கம் சாய்ந்தார். திரும்பப் போக விசா கேட்டபோது சோவியத் தூதரகம் இல்லை என்றது. மருத்துவப் படிப்பு நடுவில் நின்றது. சீனச் சார்புக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர் யாழ்ப்பாணத்து நா. சண்முகதாசன். அவருடைய கட்சியில் வேலை செய்தார், அங்கேயும் ஒத்துவரவில்லை. கையில் நேரம் நிறைய. 1965 மே மாதம் சில தோழர்களோடு சேர்ந்து ஒரு இயக்கம் தொடங்கினார். பிறகு அதற்கு மக்கள் விடுதலை முன்னணி என்று பெயர் வந்தது.

1971 ஏப்ரல் 5 இரவு அந்த முன்னணி நாடு முழுதும் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியது. தலைவர் அப்போது யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். ஆயிரக்கணக்கில் இளைஞர் செத்தார்கள். 1987 முதல் 1989 வரை இரண்டாம் கிளர்ச்சி. அதில் செத்தவர்களின் தொகை அதைவிடப் பல மடங்கு, விஜேவீரவும் 1989 நவம்பரில் கொல்லப்பட்டார். இந்த இடத்தில் பகிடி விடுவதற்கு எனக்கு மனமில்லை. கிளர்ச்சிக்கு வேலையின்மை, நிலம், சாதி என்று ஆயிரம் காரணம் உண்டு. ஒரு விசா மறுப்பால் நாடு எரிந்தது என்று சொன்னால் சரித்திர ஆசிரியர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் மாஸ்கோ அதிகாரி அன்றைக்கு முத்திரை குத்தியிருந்தால், தென்மாகாணத்தில் எங்கோ டொக்டர் விஜேவீர என்று ஒரு பெயர்ப்பலகை தொங்கியிருக்கச் சந்தர்ப்பம் இருந்தது. அந்தக் கட்சியின் பின்னாளைய தலைவர் அநுரகுமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியானார். மாஸ்கோவின் அந்த 'இல்லை' அறுபது வருடம் பயணம் செய்து ஜனாதிபதி மாளிகைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கவனிக்கவேண்டியது இதுதான். 1960இல் அவரை வருந்தி அழைத்த அரசும் சோவியத், 1964இல் கதவை மூடிய அரசும் சோவியத். மாணவன் படிக்க விரும்பினான், பாடத்திட்டம் மாறவில்லை. மாறியது பீக்கிங்கோடு இருந்த உறவு.

லண்டனின் மனம்

லண்டன் கதைக்கு வருவோம். 1962 ஜூலை வரை சிலோன்காரன் பொதுநலவாயப் பிரஜை என்ற பெயரில் கப்பல் ஏறிப் போய் நேரே இறங்கலாம். பிறகு சட்டம் வந்தது, ஆனாலும் மாணவனுக்கு வழி இருந்தது. எழுபதுகளில் இங்கே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்ததும், புள்ளி இருந்தும் இடம் கிடைக்காத தமிழ்ப் பிள்ளைகள் லண்டனில் கணக்கியலும் பொறியியலும் படிக்கப் போனார்கள். அவர்களில் பலர் 1983 கலவரத்துக்குப் பிறகு ஏன் திரும்பவில்லை என்று கேட்பதற்கு ஓர் அதிகாரிக்கு மிகுந்த துணிவு வேண்டும்.

1985 மே மாதம் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடுகளில் இந்த மரியாதை முதலில் கிடைத்தது எங்களுக்கு. 1987 பெப்ரவரியில், அடைக்கலம் கேட்டு வந்த தமிழர்களை ஹீத்ரோவில் திருப்பி அனுப்ப முயன்றபோது அவர்கள் ஓடுபாதையில் உடுப்பைக் கழற்றி எதிர்ப்புக் காட்டினார்கள். அரசாங்கம் அதற்குப் பதிலாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. உரிய ஆவணம் இல்லாத ஆளை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுண் தண்டம். அன்றிலிருந்து கட்டுநாயக்கவில் டிக்கெட் பார்க்கிற பிள்ளையும் ஒரு குடிவரவு அதிகாரி.

அதற்குப் பிறகு மாணவர் கொள்கை போன போக்கைத் திகதியோடு பாருங்கள். 2008இல் படிப்பு முடிந்து இரண்டு வருடம் வேலை செய்யலாம் என்றார்கள். 2012 ஏப்ரலில் அதை மூடினார்கள். அதே வருடம் ஓகஸ்டில் லண்டன் மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தின் உரிமத்தையே பறித்தார்கள், படித்துக்கொண்டிருந்த 2,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2021 ஜூலையில் இரண்டு வருட வேலை அனுமதியைத் திரும்பத் திறந்தார்கள். 2024 ஜனவரியில் குடும்பத்துக்குத் தடை. 2027 ஜனவரி முதல் இரண்டு வருடம் பதினெட்டு மாதமாகச் சுருங்கும் என்று அறிவித்தாயிற்று. கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள்கூட இவ்வளவு தடவை விட்டு இழுப்பதில்லை.

மற்ற ஊர்களும் சளைத்தவையல்ல. கனடா இரண்டு பத்தாண்டாக 10,000 டொலர் காட்டினால் போதும் என்றது, 2024 முதல் நாளில் அதை 20,635 ஆக்கியது, அதே மாதம் 22ஆம் திகதி மாணவர் தொகைக்கு உச்சவரம்பும் வைத்தது. அவுஸ்திரேலியா 710 டொலராக இருந்த விசாக் கட்டணத்தை 2024 ஜூலையில் 1,600 ஆக்கி, அடுத்த ஜூலையில் 2,000 ஆக்கியது. பன்னிரண்டு வருடம் "திரும்பிப் போவேன் என்று நிரூபி" என்று கேட்டது. அதே அரசாங்கம் அங்கே படித்து முடித்தவனுக்கு நிரந்தர வதிவிடப் புள்ளியும் கொடுத்தது. இந்த முரண் அவர்களுக்கே விளங்கி, 2024 மார்ச்சில் அந்தக் கேள்வியைக் கைவிட்டார்கள். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாரிலும் வெளிப்படையானது: விசா கேட்டு வருகிறவன் குடியேற வருகிறவன்தான் என்று முதலில் எடுத்துக்கொள், இல்லை என்று அவனே நிரூபிக்கட்டும்.

நாங்களும் உத்தமர் இல்லை. 2024 ஏப்ரலில் இலங்கை தன் இணையவழி விசா வேலையை வெளியாரிடம் கொடுத்தது. ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. அந்தக் கட்டளையை நிறைவேற்றாததால் செப்டெம்பரில் குடிவரவுத் திணைக்களத் தலைவரையே விளக்கமறியலில் வைத்தார்கள். நாட்டுக்குள் யாரை விடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரி வெளியே போக முடியாமல் உள்ளே இருந்தார். இராஜசிங்கன் பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார்.

இருபத்தெட்டு நாள்

இத்தனை அரசாங்கங்களின் எண்ணங்களும் கடைசியில் சல்லியில் ஒரு வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்கின்றன. பெடியன் ஏ.எல். முடித்துவிட்டான். சாம்பல்தீவுக்கு அப்பால் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, புள்ளி எட்டவில்லை. ஏஜென்சிக்காரர் லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் எடுத்துக் கொடுத்துவிட்டார். இனிக் காசு காட்டவேண்டும்.

விதி இது: முதல் வருடக் கட்டணமும் ஒன்பது மாதச் செலவும் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்கவேண்டும். ஒரு நாளாவது குறையக்கூடாது. அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. மாமா வள்ளத்துக்கு எஞ்சின் வாங்க வைத்திருந்த காசு வருகிறது. சுவிஸிலிருக்கும் சித்தப்பா அனுப்புகிறார், கூடவே தொலைபேசியில் அரைமணி நேரம் அறிவுரையும் அனுப்புகிறார். மிச்சத்துக்கு, 28 நாளுக்கென்றே காசு கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய வட்டி நொக்ஸை நாண வைக்கும்.

காசு சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் சத்தமாகத் தும்முவதில்லை. பாட்டிக்குப் பல்வலி. "இருபத்தெட்டு முடியட்டும் ஆச்சி, பிறகு பல்லுப் புடுங்கலாம்" என்கிறார்கள். இருபத்தாறாம் நாள் பாங்க், குறுஞ்செய்திக் கட்டணம் என்று ஒரு சில்லறையை வெட்டுகிறது. மிச்சம் வரம்புக்குக் கீழே போனால் முதலிலிருந்து எண்ணவேண்டும்.

"அம்மா, ஐந்நூறு ரூவா கூடுதலா வைக்கச் சொன்னனே, வைச்சனீங்களா?"

"ஆயிரம் வைச்சனான் மகன். உன்ர கொப்பற்ர பாங்கை எனக்குத் தெரியாதா?"

இதற்குப் பிறகு காசநோய்ச் சோதனைக்குக் கொழும்பு. பிறகு நேர்முகம். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், ஏன் இந்தப் பாடம், முடித்துவிட்டு என்ன திட்டம் என்று கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்குப் பெடியன் ஒரு பதிலைப் பாடமாக்கி வைத்திருக்கிறான். அவன் பட்டம் எடுக்கும்போது அந்த நாட்டில் எந்த விதி இருக்கும் என்று கேட்கிற அதிகாரிக்கே தெரியாது. அவருக்கே தெரியாத ஒன்றில் பத்தொன்பது வயசுப் பிள்ளைக்குத் திடமான எண்ணம் வேண்டுமாம்.

ஆகவே அம்மன் சந்நிதியில் நின்று ஒரு சின்ன யோசனை சொல்கிறோம். விண்ணப்பப் படிவத்தில் அரசாங்கமும் ஒரு பக்கம் நிரப்பட்டும். உங்கள் வருகையாளர் கொள்கையின் நோக்கம் என்ன: எங்கள் காசா, எங்கள் மூளையா, அடுத்த தேர்தலா? கடந்த பத்து வருடத்தில் இந்தக் கொள்கையை எத்தனை தடவை மாற்றினீர்கள், ஆதாரம் இணைக்கவும். எங்கள் பிள்ளை படிப்பை முடிக்கும்வரை இதே விதி இருக்கும் என்பதற்கு யார் பிணை? நாங்கள் கடன்பட்ட காசை 28 நாள் அசையாமல் காட்டுகிறோம். நீங்கள் ஒரு பட்டப்படிப்புக் காலம், மூன்றே மூன்று வருடம், உங்கள் விதியை அசையாமல் காட்டுங்கள் பார்ப்போம். அதற்குப் பிறகு யாருடைய எண்ணம் உண்மையானது என்று ஆறுதலாக இருந்து கதைப்போம்.